ஹில்டகார்டின் பாடல்கள் உண்மையில் அவருடையவைதானா?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இதுதான்: “12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹில்டகார்ட் என்ற ஜெர்மானியத் துறவியின் பாடல் ஒன்றை இணையத்தில் கேட்டேன். அடியில் தம்பூரா போல ஒரு சுருதி ஓடிக்கொண்டே இருந்தது. இவரை இசையமைப்பாளர், மருத்துவர், அறிவியலாளர், பெண்ணியவாதி என்றெல்லாம் எழுதுகிறார்கள். அந்தக் காலத்தில் மடத்துக்குள் அடைபட்டிருந்த ஒரு பெண் இவ்வளவும் செய்திருக்க முடியுமா? பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்னதா?” பட்டங்களின் நீளத்தைப் பார்த்து எழுந்த சந்தேகம் இது, நியாயமான சந்தேகம். நீங்கள் கேட்ட அந்தக் குரல் யாருடையது, அதை அவருடையது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதுதான் இதில் அடிப்படைக் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். இலத்தீன் வழிபாட்டுப் பாடல்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறேன். ஹில்டகார்டின் பாடல்களில் சிலவற்றை நானே பாடியும், சிலவற்றைப் பிறரைப் பாட வைத்தும் பழகியிருக்கிறேன். இலத்தீன் மூலத்தை நேரடியாக வாசிப்பேன். மருத்துவ வரலாறு என் துறை அல்ல. அந்தப் பகுதியை மட்டும் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுவேன்.

முதலில் உறுதியான செய்திகள். ஹில்டகார்ட் 1098-இல் ரைன் நதிப் பகுதியில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பெயர் ஹில்டெபெர்ட், தாய் மெக்டில்ட். பத்தாவது குழந்தை என்பதால், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுப்பதுபோல் இவரைக் கடவுளுக்குக் கொடுத்தார்கள் என்று இவருடைய பழைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. எட்டு வயதிலேயே மடத்துக்குள் அடைக்கப்பட்டார் என்பது நீண்ட காலம் திருப்பிச் சொல்லப்பட்ட கதை. ஆனால் அவருக்கு வழிகாட்டியாக இருந்த ஸ்பான்ஹைம் யுட்டா என்ற துறவியின் வாழ்க்கை வரலாறு ஒன்று கிடைத்து 1992-இல் அச்சேறியபோது வேறு தேதி வெளியே வந்தது. யுட்டாவும் உடன் இருந்த சிறுமியும் டிசிபோடென்பெர்க் மடத்தில் அடைக்கப்பட்டது 1112 நவம்பர் 1 என்று அது சொல்கிறது. அப்போது ஹில்டகார்டுக்கு வயது பதினான்கு. எட்டு வயதில் யுட்டாவின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டார், பதினான்கில் மடத்துக்குள் போனார் என்று இரண்டையும் இணைத்துப் புரிந்துகொள்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தெரிகிறது. யுட்டா இவரைவிட ஆறே வயது மூத்தவர் என்பதை மறக்க வேண்டாம். ஆண் துறவிகளின் மடத்தை ஒட்டி ஓர் அறை, அதில் இரண்டு இளம்பெண்கள், நாள்தோறும் முறைவைத்துத் திருப்பாடல்கள். 1136-இல் யுட்டா இறந்தபோது அங்கே ஒரு சிறு பெண்கள் குழுவே உருவாகியிருந்தது. அவர்கள் ஹில்டகார்டைத் தங்கள் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இசை எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை இந்த இருபத்து நான்கு ஆண்டுகளில்தான் இருக்கிறது. யுட்டா தாவீதின் பாடல்களையும், பத்து நரம்புள்ள யாழ் போன்ற ஒரு கருவியில் அவற்றைப் பாடும் முறையையும் மட்டுமே கற்றுக்கொடுத்தார் என்கிறது பழைய வரலாறு. “எவரும் கற்பிக்காமலே, இசைக் குறியீட்டையோ பாட்டையோ ஒருநாளும் பயிலாமலே, கடவுளையும் புனிதர்களையும் புகழ்ந்து பாடல்கள் இயற்றிப் பாடினேன்” என்ற பொருளில் ஹில்டகார்ட் தம்மைப் பற்றிச் சொல்கிறார். இந்த வாக்கியத்தை அப்படியே நம்பி, வானத்திலிருந்து இறங்கிய இசை என்று சிலர் எழுதுகிறார்கள். பயிலாதவரால் இது முடியாது, ஆகவே யாரோ ஒரு துறவி எழுதிக் கொடுத்தார் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் தவறான வாசிப்பு என்பது என் முடிவு. பெனடிக்ட் சபை ஒழுங்கின்படி, கண்விழித்தது முதல் உறங்கும் வரை பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை வழிபாடு. வாரத்துக்கு ஒருமுறை நூற்றைம்பது திருப்பாடல்களும் முடிந்துவிடும். இருபத்து நான்கு ஆண்டுகளில் அந்த நூற்றைம்பதும் ஆயிரத்து இருநூறு சுற்றுக்கும் மேல் வந்து போயிருக்கும். இலக்கணம் படிக்காமலே தாய்மொழியில் கவி சொல்ல வருவது போன்ற தேர்ச்சி அது. பள்ளிகளில் கணிதத்தோடு சேர்த்து ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட இசைக் கோட்பாடு தமக்குத் தெரியாது என்று அவர் சொல்கிறார். அதை நான் நம்புகிறேன். பாட்டே தெரியாது என்று அதற்குப் பொருள் இல்லை.

1141-இல், வயது நாற்பத்திரண்டு ஆண்டும் ஏழு மாதமும் ஆனபோது, வானம் திறந்து நெருப்பொளி ஒன்று தம் மூளையிலும் நெஞ்சிலும் பாய்ந்ததாக அவரே தேதி குறித்து எழுதுகிறார். சுடாமல் கதகதப்பூட்டிய நெருப்பு என்கிறார். காண்பதையும் கேட்பதையும் எழுது என்ற கட்டளை வந்தது. முதலில் மறுத்தார், நோயில் விழுந்தார், பிறகு எழுதத் தொடங்கினார். ‘சிவியாஸ்’ என்ற அந்த முதல் நூலை முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. வோல்மார் என்ற துறவி அவருடைய இலத்தீன் பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். ரிஷார்டிஸ் என்ற இளந்துறவி உடனிருந்து உதவினார். காட்சிகள் கனவிலோ மயக்கத்திலோ வருவதில்லை, கண்கள் திறந்திருக்க, விழிப்பில், உள்ளத்தில் காண்கிறேன் என்று 1175 அளவில் எழுதிய ஒரு கடிதத்தில் விளக்குகிறார். எப்போதும் காணும் ஒளிக்கு ‘உயிருள்ள ஒளியின் நிழல்’ என்று பெயர் வைக்கிறார். இதை ஒற்றைத் தலைவலி நோயின் அறிகுறி என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் சிங்கர் என்ற மருத்துவ வரலாற்றாளர் சொன்னார், அது பரவிவிட்டது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவரின் தலையைப் பரிசோதிக்க யாராலும் முடியாது. உடலில் அப்படி ஏதேனும் இருந்திருந்தாலும், ஒளிப்புள்ளிகளைக் கண்டவர் எல்லோரும் அவற்றிலிருந்து ஓர் இறையியலைக் கட்டி எழுப்பிவிடுவதில்லை. உங்கள் கேள்விக்கு அந்த நோய்க் கணிப்பு எந்த விதத்திலும் உதவாது என்பதால் இதோடு விடுகிறேன்.

திருத்தந்தை மூன்றாம் யூஜின் 1147 முடிவிலும் 1148 தொடக்கத்திலும் டிரியர் நகரில் தங்கியிருந்தபோது, முடிவுபெறாத ‘சிவியாஸ்’ அவர் கைக்குப் போனது. தொடர்ந்து எழுத ஒப்புதல் கிடைத்தது. இந்தக் கட்டத்தில்தான் பாடல்களுக்கான முதல் வெளிச்சாட்சி வருகிறது. பாரிஸில் இறையியல் கற்பித்த ஓடோ என்பவர் 1148-ஐ ஒட்டி ஹில்டகார்டுக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் புதுவகைப் பாடல்களை வெளியிடுவதாகக் கேள்விப்படுகிறோம் என்று குறிப்பிடுகிறார். எங்கோ பாரிஸில் இருக்கும் ஓர் ஆசிரியருக்கு, ஹில்டகார்ட் உயிரோடு இருந்த காலத்திலேயே, அவர் பாட்டு இயற்றுகிறார் என்ற செய்தி எட்டியிருக்கிறது. பிற்காலத்தவர் ஏற்றிச் சொன்னது என்ற ஐயத்தை இந்த ஒரு வரியே பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது. அடுத்த சாட்சி அவருடைய எழுத்து. 1158-இல் தொடங்கிய இரண்டாவது காட்சி நூலின் முன்னுரையில், அதற்கு முன் தாம் செய்தவற்றைப் பட்டியலிடும்போது ‘விண்ணக வெளிப்பாடுகளின் இன்னிசைத் தொகை’ என்ற பாடல் தொகுப்பையும் சேர்க்கிறார். ‘சிவியாஸ்’ நூலின் கடைசிக் காட்சியில் அவருடைய பாடல்கள் பதினான்கின் சொற்கள் இடம்பெற்றிருக்கின்றன. இறந்த பிறகு புனிதர் பட்டத்துக்காக நடந்த விசாரணையில், மடத்தின் உள்முற்றத்தில் நடந்தபடி அவர் தம் மரியன்னைப் பாடல் ஒன்றைப் பாடியதைச் சகோதரிகள் சாட்சியாகச் சொன்னார்கள். சட்டத்துக்கு எவ்வளவு எடை உள்ள சாட்சியமோ தெரியாது, எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும்.

இரண்டு கையெழுத்துப் படிகள் இசைக் குறியீட்டோடு நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்று 1175 அளவில், அவர் உயிரோடு இருந்தபோதே எழுதப்பட்டு, வில்லர் மடத்துத் துறவிகளுக்கு அனுப்பப்பட்டது. இன்று அது டெண்டர்மாண்ட் ஏடு என்று அழைக்கப்படுகிறது. மற்றது அவருடைய கடைசிக் காலத்திலோ இறந்து சில ஆண்டுகளுக்குள்ளோ முடிக்கப்பட்ட பேரேடு. 481 தோல் இதழ்கள், ஏறத்தாழ பதினைந்து கிலோ எடை. பெயரே ‘மாபெரும் ஏடு’. இரண்டையும் சேர்த்து எண்ணினால் எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்களும் ஓர் இசை நாடகமும் தேறும். அந்த நூற்றாண்டின் இசையில் பெரும்பகுதி இயற்றியவர் பெயர் இல்லாதது. ஒரே பெயரின் கீழ் இவ்வளவு பாடல்கள், இயற்றியவரின் சொந்த மடத்துப் படியிலேயே கிடைப்பது அரிது. ஆகவே பாடல்கள் அவருடையவை என்பது இடைக்கால இசையில் நாம் பெறக்கூடிய உறுதிகளிலேயே உயர்ந்த படியில் இருக்கிறது. குறியீட்டைத் தோலில் இட்ட கை அவருடையதா என்றால், அநேகமாக இல்லை. அவர் பாட, கேட்டு எழுதியவர் வேறொருவராக இருந்திருக்கலாம். எழுதும்போது அந்தக் கை எதையேனும் சீர்செய்ததா என்பதைச் சொல்ல வழியில்லை.

குறியீட்டைப் பற்றி ஒரு பாடகனாகச் சொல்ல வேண்டியது உண்டு. நான்கு கோடுகளில் சுரத்தின் இடம் தெளிவாக இருக்கிறது. எந்தச் சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது இல்லை. தாளம் இல்லை. குரல் ஒன்றே ஒன்று, இணைக்குரல் கிடையாது. நீங்கள் கேட்ட அந்த அடிச்சுருதி எந்த ஏட்டிலும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டுப் பாடகர்கள், குறிப்பாக 1980-களில் பரவலாக விற்ற ஓர் இங்கிலாந்து இசைத்தட்டுக்குப் பிறகு, இடைக்கால நரம்புக் கருவி ஒன்றின் அல்லது நீட்டிய குரலின் துணையோடு பாடுவதை வழக்கமாக்கிவிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படிச் செய்திருக்கவே முடியாது என்றும் சொல்ல இயலாது. ஆனால் அதை வைத்து இந்திய இசையோடு தொடர்பு தேட வேண்டாம். அவருடைய பாடல்களில் பல, மேல்நாட்டார் ‘ஈ’ என்று அழைக்கும் சுரத்தில் வந்து முடிகின்றன. அந்தச் சுரத்தை ஆதாரமாக வைத்துக் கேட்டால் வரிசை நம் தோடியின் சுரங்களோடு பொருந்திவிடும். நம் காதுக்கு அது சட்டென்று பழக்கமானதாகத் தோன்றக் காரணம் இதுவே. கமகமும் ராகத்தின் நடையும் அங்கே இல்லை. ஏழு சுரங்களை வைத்துக்கொண்டு பாடும் இரண்டு மரபுகள் ஒரே வரிசையில் வந்து நிற்பது இயல்புதான்.

அவருடைய மெட்டுகளைப் பிற வழிபாட்டுப் பாடல்களிலிருந்து எது பிரிக்கிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். விளக்கத் தொடங்காமல் பாட வைத்துவிடுவேன், ஏனென்றால் தொண்டைக்கு உடனே தெரிந்துவிடும். வழக்கமான கிரகோரியன் பாடல் பெரும்பாலும் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கி, படிப்படியாக ஏறி இறங்கும். ஹில்டகார்ட் ஆதார சுரத்திலிருந்து ஒரே தாவலில் பஞ்சமத்துக்குப் போவார். அங்கிருந்து மேல் ஸட்ஜத்தைத் தொட்டுவிடுவார். பாட்டின் முதல் சொல் முடிவதற்குள் முழு ஸ்தாயியும் கடந்துபோயிருக்கும். வானதூதர்களைப் பற்றிய ஒரு பாடல் இரண்டு ஸ்தாயிக்கும் மேல் விரிகிறது. ஓர் அசையின்மேல் இருபது, முப்பது சுரங்களை அடுக்குவார். நாம் அகாரம் பாடுவது போன்ற நீட்சி அது. மனத்தில் நிற்கும் ஒரு சில சிறு பிடிகளை எடுத்து, பாட்டுக்குப் பாட்டு அவற்றை நீட்டியும் குறுக்கியும் கோக்கிறார். அந்தப் பிடிகள் பழகிவிட்டால் எந்தப் பாடலை எடுத்தாலும் ‘இது அவர்’ என்று தெரியும். இது ஆவணச் சான்று அல்ல, காதின் சான்று. ஆனால் எழுபது பாடல்களும் ஒரே மனத்திலிருந்து வந்தவை என்பதில் எனக்கு ஐயமே எழாததற்கு இந்தப் பிடிகளே காரணம்.

சொற்களும் அப்படித்தான். ஞானத்தைப் போற்றும் ஒரு சிறு பாடலில், ஞானத்துக்கு மூன்று சிறகுகள் என்கிறார். ஒன்று உயரத்தில் பறக்கிறது, மூன்றாவது எங்கும் பறக்கிறது. நடுவில் உள்ளதைப் பற்றி அவர் சொல்வது: அது மண்ணிலிருந்து வியர்க்கிறது. முதன்முறை வாசித்தபோது பிழையாகப் படித்துவிட்டேனோ என்று அகராதியைத் திறந்து பார்த்தேன். வியர்க்கிறது என்றேதான் இருக்கிறது. பனியும் ஈரமும் சாறும் அவர் எழுத்தில் எங்கும் கசிந்துகொண்டிருக்கின்றன. ‘விரிதித்தாஸ்’ என்ற இலத்தீன் சொல்லை விடாமல் பயன்படுத்துகிறார். ஆங்கிலத்தில் இதை மொழிபெயர்ப்பவர்கள் ஒரு சொல் போதாமல் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. பசுமை என்றால் நிறம், ஈரம், இளமை, உயிர்ப்பு எல்லாம் வந்துவிடும். மரியன்னையை ‘மிகப் பசுமையான கிளையே’ என்று விளிக்கும் பாடலைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், எதுவும் குறையாது.

1150-ஐ ஒட்டி ஏறத்தாழ இருபது சகோதரிகளை அழைத்துக்கொண்டு, பிங்கன் நகருக்கு எதிரே, நாஹே ஆறு ரைனில் கலக்கும் இடத்தில் ரூபெர்ட்ஸ்பெர்க் என்ற குன்றில் தனி மடம் அமைத்தார். டிசிபோடென்பெர்க்கின் அதிபர் கூனோ விடவில்லை. புகழும், சகோதரிகள் கொண்டுவந்த சீதனச் சொத்தும் போய்விடும் என்ற கணக்கும் இருந்தது. ஹில்டகார்ட் அசைக்க முடியாத நோயில் படுத்துவிட்டார். கூனோ வந்து தூக்கிப் பார்த்தும் முடியாமல், பிறகே அனுமதி கொடுத்தார் என்கிறது பழைய வரலாறு. புது மடம் வந்த சிறிது காலத்தில் ரிஷார்டிஸை வேறொரு மடத்துக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஹில்டகார்ட் அதைத் தடுக்க ரிஷார்டிஸின் தாய்க்கும், பேராயர்களுக்கும், திருத்தந்தைக்குமே எழுதினார். பலிக்கவில்லை. 1152 அக்டோபரில் அந்த இளம்பெண் இறந்தார். திரும்பி வரும் எண்ணத்தோடு கண்ணீர் விட்டார் என்று அண்ணன் ஹார்ட்விக் பேராயர் எழுதிய கடிதம் இருக்கிறது. புனிதர் என்ற ஒளிவட்டத்தை நீக்கிவிட்டு அவரை மனிதராகப் பார்க்க விரும்புபவர்களுக்கு இந்தக் கடிதங்களைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வேன்.

மருத்துவர், அறிவியலாளர் என்ற பட்டங்கள். செடிகள், மரங்கள், கற்கள், மீன்கள், பறவைகள், விலங்குகள், உலோகங்கள் பற்றிய ஒரு நூலும், நோய்க்காரணங்களும் சிகிச்சைகளும் பற்றிய இன்னொரு நூலும் அவர் பெயரில் உள்ளன. இயற்கைப் பொருள்களைப் பற்றி எழுதியதாக அவரே குறிப்பிடுவதால் அடிப்படை உறுதி. ஆனால் அந்த மாபெரும் ஏட்டில் இவை சேர்க்கப்படவில்லை. கிடைக்கும் படிகள் அவருக்குப் பிந்தையவை. இரண்டாவது நூலுக்கு முழுமையான படி ஒன்றே ஒன்று, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கோபன்ஹேகனில் இருக்கிறது. பிறர் கை புகுந்திருக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய மறுப்பு இல்லை. எவ்வளவு என்பதில்தான் வழக்கு. பானங்கள் கெட்டுப்போகாமல் ஹாப் செடி காக்கும், ஆனால் மனச்சோர்வைக் கூட்டும் என்பது போன்ற நுட்பமான கவனிப்புகள் அவற்றில் உண்டு. அறிவியல் என்று இன்று நாம் சொல்லும் சோதனை முறை அங்கே இல்லை. ‘ஹில்டகார்ட் மருத்துவம்’ என்ற பெயரில் இன்று விற்கப்படும் மாவும் பொடியும் உபவாச முறைகளும் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடிவம் பெற்றவை. நோய் தீர அவற்றை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பெண்ணியவாதி என்ற சொல்லை நான் அவருக்குச் சூட்டமாட்டேன். பேரரசன் பார்பரோசாவுக்கே கண்டிப்பான கடிதங்கள் எழுதியவர் அவர். அறுபது வயதுக்குப் பிறகு பயணம் செய்து டிரியர், கொலோன் போன்ற நகரங்களில் குருக்களின் முன்னிலையிலேயே அவர்களுடைய சோம்பலைக் கண்டித்துப் பேசினார். ஆண்கள் தளர்ந்துவிட்ட ‘பெண்தன்மையான காலம்’ இது, ஆகவேதான் கடவுள் ஓர் எளிய பெண்ணைப் பேச வைத்திருக்கிறார் என்பது அவருடைய வாதம். ஒரு பெண் பேசுவதற்கான இடத்தை, பெண் பலவீனமானவள் என்ற அதே எண்ணத்தின்மேல் நின்றே பிடித்தார். பெண்கள் பலிபீடப் பணி ஏற்கக் கூடாது என்றும் ‘சிவியாஸ்’ நூலில் எழுதினார். ஆண்டர்நாக் மடத்துத் தலைவி டெங்ஸ்விண்ட் ஒரு கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டார்: திருநாள்களில் உங்கள் சகோதரிகள் கூந்தலை அவிழ்த்துவிட்டு, வெண்பட்டும் பொன்முடியும் அணிந்து பாடுகிறார்களாமே? உயர்குடிப் பெண்களை மட்டும் சேர்த்துக்கொள்கிறீர்களாமே? முதல் கேள்விக்கு ஹில்டகார்ட் சொன்ன விடை அழகானது. கன்னியர் ஏதேன் தோட்டத்தின் வாடாத பசுமையில் நிற்பவர்கள், மணப்பெண்ணின் கோலம் அவர்களுக்குத் தகும் என்றார். இரண்டாவது கேள்விக்கு, மாட்டையும் கழுதையையும் ஆட்டையும் ஒரே தொழுவத்தில் யார் கட்டுவார்கள் என்று திருப்பிக் கேட்டார். சாதிப் படிநிலையின் கொடுமை தெரிந்த எவருக்கும் அந்த விடை நெஞ்சில் குத்தும். எனக்குக் குத்துகிறது. அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் கேள்வி கேட்டவரும் அதே காலத்துப் பெண். ஏழை மீனவர்களைத்தானே ஆண்டவர் அழைத்தார் என்று அவர் தெளிவாகச் சுட்டிக்காட்டியிருந்தார்.

இனி என் வாதத்தின் மையம். ரூபெர்ட்ஸ்பெர்க் காலத்தின் தொடக்கத்தில் அவர் ஓர் இசை நாடகம் இயற்றினார். பெயர் ‘நற்பண்புகளின் ஒழுங்கு’. ஓர் ஆன்மா, அதை மீட்கப் போராடும் தாழ்மை, அன்பு, பொறுமை முதலான நற்பண்புகள், எதிரே சாத்தான். எல்லோரும் பாடுகிறார்கள். சாத்தானுக்கு மட்டும் மெட்டு கிடையாது; அவன் கத்துகிறான். இதன் சுருக்கமான வடிவம் 1151 அளவில் முடிந்த ‘சிவியாஸ்’ நூலிலேயே வந்துவிடுகிறது.

அங்கிருந்து ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் தள்ளி, 1178-க்கு வாருங்கள். திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஒரு பிரபு, இறப்பதற்கு முன் மன்னிப்புப் பெற்று நற்கருணையும் வாங்கி, ரூபெர்ட்ஸ்பெர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மைன்ஸ் பேராயர் கிறிஸ்டியன் அப்போது இத்தாலியில் இருந்தார். அவர் இல்லாத நேரத்தில் மறைமாவட்ட அதிகாரிகள், உடலைத் தோண்டி வெளியே எறியுங்கள் என்று ஆணையிட்டார்கள். எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஹில்டகார்ட் மறுத்தார். கல்லறையின் அடையாளம் தெரியாதபடி தம் கோலால் தடங்களை அழித்தார் என்கிறார்கள். மடத்தின்மேல் வழிபாட்டுத் தடை விழுந்தது. நற்கருணை இல்லை. பாட்டும் இல்லை, திருப்பாடல்களைக் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் வாசிக்க மட்டும் அனுமதி. அவர் தடைக்குக் கீழ்ப்படிந்தார், உடலைத் தோண்டவில்லை. பிறகு அந்த அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்.

அவர் எழுதியவற்றில் எனக்கு மிக நெருக்கமானது அந்தக் கடிதம். பாவத்துக்கு முன் ஆதாமின் குரல் வானதூதர்களின் குரலோடு இணைந்து ஒலித்தது என்று தொடங்குகிறார். அந்தக் குரலை மனிதன் இழந்தான். இறைவாக்கினர்களும் ஞானிகளும் பாட்டையும் கருவிகளையும் உண்டாக்கியது அதன் நினைவை மீட்பதற்காக. மனிதன் பாடத் தொடங்கியதைக் கேட்ட சாத்தான் கலங்கினான். அன்று முதல் அந்தப் பாட்டைக் குலைப்பதே அவன் வேலையாயிற்று, திருச்சபையின் வாயிலும்கூட. ஆன்மாவின் இயல்பே இசை என்கிறார். பிறகு, போதிய ஆராய்ச்சியின்றி இறைப்புகழ்ச்சியை மௌனமாக்குபவர்கள், விண்ணகத்தில் வானதூதர்களின் பாட்டில் பங்கு பெறமாட்டார்கள் என்று முடிக்கிறார். ஆணையிட்டவர்களை எந்தப் பக்கத்தில் நிறுத்துகிறார் என்பது அவர்களுக்குப் புரியாமல் போயிருக்காது. கொலோன் பேராயர் பிலிப் தலையிட்டு, இறந்தவர் மன்னிப்புப் பெற்றதற்குச் சாட்சி கொண்டுவந்தார். 1179 மார்ச்சில் தடை நீங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 17-இல் ஹில்டகார்ட் இறந்தார்.

நாடகத்தில் பாட முடியாதவனாக நின்ற சாத்தானும், கடிதத்தில் பாட்டைக் கேட்டுக் கலங்கும் சாத்தானும் ஒரே சிந்தனையின் இரண்டு முனைகள். வோல்மார் 1173-இல் இறந்துவிட்டார். 1177-இல் வந்த கிபெர்ட் என்ற புதுச் செயலருக்கு 1151-இன் நாடகத்தில் பங்கே கிடையாது. செயலர்கள் மாறினார்கள், நடை மாறியது, இந்த எண்ணம் மாறவில்லை. ஆகவே இது செயலர்களின் சரக்கு அல்ல, அவருடையது என்று சொல்கிறேன். இந்த அளவுக்கு மற்ற எந்தப் பட்டத்துக்கும் நான் கையெழுத்திடத் தயாராக இல்லை.

நினைவு எப்படிப் பிழைத்தது என்பதும் சொல்லத் தக்கது. ரூபெர்ட்ஸ்பெர்க் 1632-இல் முப்பதாண்டுப் போரில் சுவீடன் படையால் எரிக்கப்பட்டது. சகோதரிகள் ஆற்றுக்கு அக்கரையில், அவரே ஏற்படுத்தியிருந்த ஐபிங்கன் மடத்தில் ஒதுங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவும் மூடப்பட்டு, 1904-இல் அருகில் புதிய மடம் எழுந்தது. ‘சிவியாஸ்’ நூலின் 35 வண்ண ஓவியங்கள் கொண்ட மூல ஏட்டை 1927 முதல் 1933 வரை இந்த மடத்துச் சகோதரிகள் கையாலேயே படியெடுத்தார்கள். அந்தப் படி இல்லாவிட்டால் இன்று அந்த வண்ணங்களே நமக்குத் தெரியாது. உலகப் போரின்போது பாதுகாப்புக்காக மூல ஏடும் மாபெரும் ஏடும் டிரெஸ்டன் நகர வங்கிப் பெட்டகத்துக்கு அனுப்பப்பட்டன. ஓவிய ஏடு 1945-க்குப் பிறகு காணவில்லை. மாபெரும் ஏடு சோவியத் பகுதியில் மாட்டிக்கொண்டது. 1948-இல் மார்கரேத்தே கியூன் என்ற ஆய்வாளரும், அமெரிக்க அதிகாரி ஒருவரின் மனைவி காரொலின் வால்ஷும் சேர்ந்து அதை ரயிலில் மேற்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 1956-இல் ஐபிங்கன் மடத்தின் இரண்டு சகோதரிகள், மரியான்னா ஷ்ராடரும் அடெல்குண்டிஸ் ஃபியூர்கேட்டரும், அதுவரை நிலவிய ஐயங்களை எதிர்கொண்டு, கையெழுத்துகளை ஒப்பிட்டு, இந்த நூல்கள் ஹில்டகார்டுடையவை என்று நிறுவினார்கள். நீங்கள் கேட்ட கேள்வியை அவர்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, பல ஆண்டுகள் உட்கார்ந்து விடை தேடியிருக்கிறார்கள். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2012 மே மாதம் அவருடைய புனிதர் வணக்கத்தைத் திருச்சபை முழுமைக்கும் விரிவாக்கினார். அக்டோபர் 7-இல் திருச்சபையின் மறைவல்லுநராக, அதாவது திருச்சபை முழுமைக்கும் போதகராக ஏற்கத் தக்கவராக, அறிவித்தார். அந்தப் பட்டம் பெற்ற நான்காவது பெண் அவர்.

மாபெரும் ஏடு இப்போது வீஸ்பாடன் நூலகத்தில் இருக்கிறது. அதன் பக்கங்கள் முழுவதையும் இணையத்தில் பார்க்கலாம். பாடல்கள் 466-ஆம் இதழில் தொடங்குகின்றன. நாடகம் கடைசியில், 478-இலிருந்து 481 வரை. இலத்தீன் தெரிய வேண்டாம், இசைக் குறியீடும் தெரிய வேண்டாம். அந்தக் கடைசி இதழ்களைப் பெரிதாக்கி மேலிருந்து கீழே மெதுவாகப் பாருங்கள். எழுத்துகளுக்கு மேலே சுரங்கள் நெருக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். இடையிடையே சில வரிகளுக்கு மேல் எதுவும் இராது. சாத்தான் பேசும் வரிகள் அவை.